மஞ்சள் கரு துறந்த மாமணி

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. நாகையா இறந்தது செவ்வாய்க்கிழமை என்றுதான் ஞாபகம். சங்கத்தின் கோப்பில் திங்கள் என்று இருக்கிறது. காலை எட்டு மணிக்கு முன்னால் இறப்பவர்களை முந்தைய நாள் கணக்கில் சேர்ப்பது அங்கே வழக்கம். எட்டு மணிக்குத்தான் அலுவலகம் திறக்கும்; திறக்காத நாளில் யாரும் இறந்திருக்க முடியாது. ஆகவே கிழமையை விட்டுவிடுவோம்.

நாகையாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். சாலாக் செலாத்தானில் அடுக்குமாடி வீடு. அன்று காலை காலுறை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மனைவி சீதாலெட்சுமி அப்போது அடுப்படியில் அவருக்கு இரண்டு அவித்த முட்டைகளை உரித்து, வெள்ளையைத் தட்டில் வைத்திருந்தாள். மஞ்சள் கரு இரண்டும் அவள் கையில் இருந்தன. நாற்காலி விழுந்த சத்தம் கேட்டதும் அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள். ஆம்புலன்ஸுக்குப் பேசும்போது வாய் நிறைய அது இருந்தது. முகவரியை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மருத்துவமனையில் மாரடைப்பு என்றார்கள். சீதாலெட்சுமி தலையாட்டினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. இனி வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் காத்திருந்தாள்.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் இதயநல மரண சகாயச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அது வெறும் மரண சகாயச் சங்கம். சாவு வீட்டுக்குக் கூடாரம், நாற்காலி, தேநீர்ப் பாத்திரம் அனுப்பும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் அதற்கு மண்டபம். உறுப்பினர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்துப் போனதில் கூடாரத்துக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று. துணி கிழிந்தது. கூடாரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் இதயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று தலைவர் டத்தோ பழனியப்பன் ஒரு பொதுக்கூட்டத்தில் அறிவித்தார். சங்கத்தின் பெயரில் 'இதயநல' என்ற சொல் அன்று சேர்ந்தது.

எதிரி யார் என்பது அதே கூட்டத்தில் முடிவாயிற்று. முட்டையின் மஞ்சள் கரு. ஒரு கருவில் எவ்வளவு கொலஸ்ட்ரால் என்று டத்தோ எங்கோ படித்திருந்தார். அன்றிலிருந்து சங்கக் கூட்டங்களில் வழங்கும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கில் முட்டைப் பாதி குழியோடு வரும். மஞ்சள் நீக்கத் துணைக்குழு என்று மூன்று பேர் பின்கட்டில் உட்கார்ந்து கரண்டியால் தோண்டுவார்கள். குழியில் சிலர் மிளகாய்ச் சம்பாலை நிரப்பிச் சாப்பிட்டார்கள். பொன்னாடையின் நிறம் தவறான செய்தியைத் தருகிறது என்று அதையும் நிறுத்தி, வெள்ளைத் துண்டு போர்த்தத் தொடங்கினார்கள். கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் வலக்கையை இடமார்பில் வைத்து ஒரு நிமிடம் நிற்பார்கள். அரை மணிக்கொரு முறை இடைவேளை விட்டு, பின்படிக்கட்டில் சிகரெட் பிடித்துவிட்டு வருவார்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் சங்கத்தின் ரத்தப் பரிசோதனை முகாமில் நாகையாவுக்குக் கொலஸ்ட்ரால் அதிகம் என்று வந்தது. அங்கேயே, ஊசி குத்திய விரலைப் பஞ்சால் பிடித்தபடி, இனி மஞ்சள் கரு தொடமாட்டேன் என்று சொன்னார். அதற்கு முன் அவர் மஞ்சளைக் கடைசிவரை ஒதுக்கிவைத்து, சோறெல்லாம் தீர்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிற மனிதர். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எட்டாம் ஆண்டில் சங்கம் அவருக்கு 'மஞ்சள் கரு துறந்த மாமணி' என்று பட்டம் கொடுத்து வெள்ளைத் துண்டு போர்த்தியது. பெட்டியில் அவர்மேல் போர்த்தியதும் அதே துண்டுதான்.

மண்டபத்தில் இரண்டு பலகைகள் உண்டு. ஒன்று தேக்கு. அது நினைவுப் பலகை. இன்னொன்று கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டிய பிளைவுட். அதன் தலைப்பு 'நாவால் மாண்டோர்'. சங்கத்தின் சொல்லைக் கேளாமல் தின்று இறந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். தேக்குப் பலகையைக் கிள்ளானிலிருந்து தன் லோரியில் ஏற்றிவந்து, நான்கு பேரோடு மாடிக்குத் தூக்கியது நாகையாதான். "மூணாவது வரிசை, கடைசி எடம். அது எனக்கு. யாரும் முந்திக்காதீங்க லா" என்று அன்று சிரித்தார்.

மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் செயலாளர் ராதாகிருஷ்ணன்; மற்றவர் புள்ளிவிவரப் பொறுப்பாளர் விஜயன், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். துக்கம் விசாரிக்க வந்தார்கள் என்று சீதாலெட்சுமி பாய் விரித்தாள். ராதாகிருஷ்ணன் உட்காரவில்லை.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஃப்ரிட்ஜ தொறந்து பாக்கலாமா?"

"தண்ணி வேணுமா தம்பி?"

"தண்ணி வேணாம். விசாரணை."

விஜயன் குளிர்பெட்டியைத் திறந்து முட்டைகளை எண்ணினார். பதினான்கு. குறித்துக்கொண்டார். குப்பைக்கூடையில் ஓடுகளைப் பார்த்தார். பிறகு ஒரு சுருட்டிய காகிதத்தை விரித்துச் சுவரில் பிடித்தார். அதில் சாய்வாக ஒரு கோடு. கோட்டின்மேல் புள்ளிகள்.

"இதப் பாருங்கம்மா. கீழ முட்டை. பக்கத்துல சாவு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு தாமான், ஒரு குடியிருப்பு. முட்டை ஏற ஏற சாவு ஏறுது. எவ்வளவு நேரா இருக்கு பாத்தீங்களா? முப்பது வருஷ உழைப்பு."

"இந்த அழிச்ச எடமெல்லாம் என்னாங்க சார்?" என்று கேட்டாள் மகள் மலர். ஜொகூரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு அப்பாவின் குரல்.

"அது கேரி தீவு. அங்க முட்டை கம்மி, சாவு ஜாஸ்தி. தீவுங்கறதால சேக்கறதில்ல."

"அப்ப இது?"

"சுங்கை பூலோ. முட்டை ஜாஸ்தி, சாவு கம்மி. பக்கத்துலயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அது நியாயமான போட்டி இல்ல."

பிறகு விஜயன் பென்சிலால் கோட்டுக்கு வெகுதூரம் தள்ளி ஒற்றைப் புள்ளி ஒன்றைக் காட்டினார். மஞ்சள் கரு பூஜ்யம். மாரடைப்பு ஒன்று. "இது உங்க வீட்டுக்காரரு" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

சீதாலெட்சுமி அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மிகச் சிறியது. சுற்றிலும் யாருமில்லை.

ராதாகிருஷ்ணன் பையிலிருந்து ஏழாம் எண் படிவத்தை எடுத்தார். *என் கணவர் நாகையா, சங்கத்துக்கும் எனக்கும் தெரியாமல், மறைவாக மஞ்சள் கரு உண்டு வந்தார் என்பதை இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்.* கீழே கையெழுத்துக்குக் கோடு.

"அவரு சாப்பிடலயே தம்பி."

"உங்களுக்குத் தெரியாமத்தான்னு போட்டிருக்கு அக்கா. அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கையெழுத்துப் போட்டா?"

"பேரு பிளைவுட்டுக்குப் போகும். போடலன்னா விசாரணை முடியாது. முடியாத வரைக்கும் எந்தப் பலகைலயும் ஏறாது. எட்டாம் நாள் படையலுக்கு முன்னாடி முடிச்சிட்டா எல்லாருக்கும் நல்லது லா."

மலர் எழுந்துவிட்டாள். "எங்கப்பா திருடித் தின்னாருன்னு எங்கம்மா எழுதித் தரணுமா?"

சீதாலெட்சுமி மகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் வேறொன்றை நினைத்தாள். இந்த மனிதர்கள் தேடுவதைத்தான் தானும் தேடுகிறோம். பதினோரு ஆண்டுகள் சொன்னபடி செய்தும் இவர் ஏன் போனார்? தன் கையில் எங்கே தவறு?

நாகையா தினமும் பத்து மணிப் பசிக்கு லோரியை நிறுத்துகிற கடை கிள்ளானில், துறைமுகச் சாலையில் இருந்தது. மறுநாள் விசாரணைக் குழு அங்கே போயிற்று. "மரணத்தின் நேரடி உறவினர்" என்ற முறையில் சீதாலெட்சுமியையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். தீட்டு கழியாமல் அம்மா எங்கே போவது என்று மலர் சத்தம் போட்டாள். போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னாள் சீதாலெட்சுமி.

கடைக்காரர் ஷாஹுல் ஹமீது நாகையா இறந்த செய்தியைக் கேட்டு ரொட்டிக் கல்லின் நெருப்பை அணைத்தார். பிறகு ராதாகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார்.

"பாய், அவரு இங்க முட்டை ரொட்டி சாப்பிட்டாரா?"

"தெனமும்."

விஜயன் முகம் மலர்ந்து பென்சிலை எடுத்தார்.

"வெள்ளை மட்டும்" என்றார் ஷாஹுல் ஹமீது. "மஞ்சள எடுத்துட்டுப் போடுங்க பாய்ம்பாரு. எங்க ரொட்டி மாஸ்டர் தெனம் திட்டுவான். வரிசை நிக்கற நேரத்துல கோழிக்கு ஆப்பரேசன் பண்ணச் சொல்றாரு உங்க ஆளுன்னு. இவரு சிரிச்சிக்கிட்டே, சங்கத்துல சொல்லிட்டாங்கப்பா, வாக்குக் குடுத்துட்டேம்பாரு. பதினோரு வருஷம் பாஸ். ஒரு நாள் மாத்தினதில்ல."

விஜயன் எழுதினார்: *சாட்சி முட்டை வணிகத்தில் ஈடுபட்டவர். ஏற்பதற்கில்லை.* இருவரும் சிகரெட் பற்றவைக்க வெளியே போனார்கள். ராதாகிருஷ்ணன் வாசலில் நின்று, "எப்பவும் இந்தத் தூணுகிட்டதான் நிப்போம். அவரு பாக்கெட்டுலதான் நான் எடுப்பேன். நல்ல மனுசன்" என்று விஜயனிடம் சொல்வது உள்ளே கேட்டது.

ஷாஹுல் ஹமீது கல்லாவின் அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து சீதாலெட்சுமியின் முன் வைத்தார்.

"உங்க வீட்டுக்காரரு இங்க வச்சதுங்கக்கா. வீட்டுக்குக் கொண்டு போனா நீங்க பயப்படுவீங்கன்னாரு."

உள்ளே மாத்திரை அட்டைகள். பிரிக்காதவை. ரப்பர் போட்டு மாதவாரியாகக் கட்டியிருந்தார். மேலே அரசாங்கக் கிளினிக்கின் அட்டை.

டின்னை மடியில் வைத்துக்கொண்டே அவள் வீடு திரும்பினாள். காரில் அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. அது விசாரணையின் எல்லைக்குள் வரவில்லை.

அடுத்த நாள் மலரோடு கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் ஜரீனா இளம்பெண். டின்னுக்குள் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் மூடியை வெறுமனே தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் முட்டைய அவருக்குச் சரியாத்தான் பிரிச்சுக் குடுத்தேன் டாக்டர்" என்றாள் சீதாலெட்சுமி. "ஒருவேளை ஓரத்துல கொஞ்சம் ஒட்டியிருக்குமா?"

"ஆன்ட்டி, அதுல ஒண்ணுமில்ல. ரத்தத்துல இருக்கற கொலஸ்ட்ரால முக்கால்வாசி ஈரலே பண்ணுது. முட்டையில வர்றது பெரும்பாலானவங்களுக்குக் கொஞ்சந்தான். இவரு ஒடம்பு வாகு அப்படி. அவங்கப்பாவும் அம்பது வயசுல போனாருன்னு கார்டுல இருக்கு. பிரஷர் இருந்துச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட். நான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். மாத்திரை சாப்பிடுங்க, சிகரெட்ட விடுங்கன்னு."

"அவரு என்னா சொல்வாரு?"

டாக்டர் தயங்கினாள். "மஞ்சள விட்டுட்டேனே டாக்டர், அது போதாதாம்பாரு. எல்லாத்தையும் விட்டுட்டா மனுசன் எதுக்கு உயிரோட இருக்கறதும்பாரு."

சீதாலெட்சுமி எழுந்தாள். கிளினிக் வாசலில் மலர் அழுதாள். சீதாலெட்சுமி டின்னைப் பிடித்திருந்ததால் அவளை அணைக்கக் கை இல்லாமல் பக்கத்தில் நின்றாள்.

ஏழாம் நாள் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் அவசரக் கூட்டம். சீதாலெட்சுமி டின்னோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பேசக் கூப்பிட்டால் இதைத் திறந்து காட்டுவது என்று இருந்தாள். நாகையா திருட்டுத்தனமாகத் தின்றவர் இல்லை என்று சொல்ல வேண்டும். மற்றதைக் கேட்டால் மற்றதையும் சொல்லலாம்.

எல்லோரும் மார்பில் கை வைத்து நின்றார்கள். உட்கார்ந்ததும் டத்தோ பழனியப்பன் ஒரு பழைய உறையைத் தூக்கிக் காட்டினார். நாகையா மறைவாகத் தின்றதற்கு ஆதாரம் தேடிப் பழைய கோப்புகளைப் புரட்டியபோது விஜயன் கண்டெடுத்தது. உறுப்பினராக இருந்த ஓர் உணவியல் நிபுணர் எட்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதம். அதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பு உறுதிசெய்யப்படாமல் இருந்ததால், பின்னால் வந்த கடிதத்தைத் திறக்கச் சட்டத்தில் இடமில்லாமல் போயிருந்தது.

டத்தோ முதல் பக்கத்தைப் படித்தார். உணவில் உள்ள கொலஸ்ட்ராலுக்கு இருந்த உச்சவரம்பை வெளிநாட்டு வழிகாட்டிகளில் எடுத்துவிட்டார்கள், முட்டையின்மேல் இவ்வளவு பழி வேண்டாம் என்று இருந்தது. கடிதத்துக்கு இரண்டாம் பக்கமும் இருந்தது. "பக்கம் ரெண்டு சிகரெட், பிரஷர், மாத்திரை பத்தினது. நேரம் கருதி அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறேன்" என்றார் டத்தோ. யாரோ வழிமொழிந்தார்கள்.

பிறகு அவர் எழுந்து மேசையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"அன்பார்ந்த உறுப்பினர்களே! முப்பது ஆண்டுகளாக நாம் மஞ்சள் கருவை எதிர்த்தோம். அன்று நாம் சொன்னது சரி. இன்று முதல் நாம் மஞ்சள் கருவை ஆதரிக்கிறோம். இன்று சொல்வதும் சரி. எதிரெதிரான இரண்டிலும் சரியாக இருந்த சங்கம் இந்த நாட்டில் வேறு எது? நமக்கு உண்மை முக்கியமல்ல என்று சிலர் சொல்லக்கூடும். நமக்கு உண்மை மிகமிக முக்கியம். ஆகவேதான் அதை அடிக்கடி மாற்றிக்கொள்ளாமல், எட்டு ஆண்டுகள் உறையிலேயே பத்திரமாக வைத்திருந்தோம்!"

கைதட்டல் நீண்டது. விஜயன் புதிய காகிதத்தை விரித்தார். கோடு இப்போது மறுபக்கம் சாய்ந்திருந்தது. சுங்கை பூலோ திரும்பி வந்திருந்தது. கேரி தீவு மீண்டும் நிலத்தோடு சேர்ந்திருந்தது. நாகையாவின் புள்ளி கோட்டின் உச்சியில் பளிச்சென்று இருந்தது.

"பாருங்கம்மா" என்றார் விஜயன், கண் கலங்கி. "வந்துட்டாரு."

ராதாகிருஷ்ணன் படிவம் ஏழின் திருத்திய பிரதியை நீட்டினார். *என் கணவர் நாகையா, சங்கத்தின் ஆலோசனையைத் தவறாகப் புரிந்துகொண்டு, தன் விருப்பப்படி மஞ்சள் கருவைத் தவிர்த்து இறந்தார்.*

"சங்கந்தானே விடச் சொல்லுச்சு தம்பி?"

"எழுத்துல இருக்கா அக்கா?"

"பட்டம் குடுத்தீங்களே. மாமணின்னு."

"விட்டதுக்குக் குடுத்தோம். விடச் சொல்லிக் குடுக்கலயே."

டத்தோ குனிந்து கனிவாகக் கேட்டார். "அம்மா, வீட்ல முட்டைய யாரு பிரிச்சது?"

"நாந்தான்."

"பாத்தீங்களா. உங்கள நாங்க குத்தம் சொல்லல. அறியாமை. அதையும் ஒரு வரி சேத்துக்கலாம்."

எடுத்த மஞ்சள் கரு எங்கே போயிற்று என்று கேட்பார்கள் என அவள் ஒரு கணம் எதிர்பார்த்தாள். கேட்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு, பதினோரு ஆண்டுகள். கொட்ட மனம் வராமல் எல்லாவற்றையும் அவள்தான் சாப்பிட்டிருந்தாள். எட்டாயிரத்துக்கு மேல் இருக்கும். நாகையாவைவிட ஒரு வயது மூத்தவள்; அவளுக்கு அறுபதாவது வயது நடக்கிறது. மூன்று மாடியும் ஏறி இறங்குகிறாள். எந்தக் காகிதத்திலும் அவளுக்கு ஒரு புள்ளி இல்லை.

"இடைவேளை" என்றார் டத்தோ. எல்லோரும் பின்படிக்கட்டுக்குப் போனார்கள். கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். டத்தோ, ராதாகிருஷ்ணன், விஜயன், துணைக்குழு மூவர். ஒருவர் நெருப்பில் ஒருவர் பற்றவைத்தார்கள். அவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. புகை பிளைவுட் பலகைமேல் பட்டு உள்ளே வந்தது. அந்த வாசனை நாகையாவின் சட்டையில் இருந்த வாசனை. அவளுக்கு எழுந்து போய் அங்கே நிற்க வேண்டும் போலிருந்தது.

அவர்கள் திரும்பியபோது அவள் படிவத்தை மடித்து வைத்திருந்தாள். ராதாகிருஷ்ணன் பிரித்தார். கையெழுத்துக் கோடு காலியாக இருந்தது. ஓரத்தில், மேலிருந்து கீழாக, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் எழுதியிருந்தது: *அவர் பொய் சொல்லவில்லை. சிகரெட் பிடித்தார். மாத்திரை சாப்பிடவில்லை. மஞ்சள் கருவை நான் சாப்பிட்டேன்.*

"அக்கா, இது கட்டத்துக்கு வெளிய எழுதியிருக்கீங்க."

"அங்கதான் தம்பி எடம் இருந்துச்சு."

அவள் பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்தாள். டத்தோ பிஸ்கட் என்று நினைத்துத் திறந்தார். பார்த்தார். மூடினார். "இது பக்கம் ரெண்டுல வரும்" என்றார்.

எட்டாம் நாள் படையலுக்குக் கூடாரம் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே இலை போட்டார்கள். மலர் கோழிக் குழம்பும் நண்டும் வைத்தாள். அப்பாவுக்குப் பிடித்த சிகரெட் ஒரு பாக்கெட் வைக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். மலர் முடியாது என்றாள். சீதாலெட்சுமி ஒரே ஒரு சிகரெட்டை மட்டும் உருவி இலையோரம் வைத்தாள்.

பிறகு இரண்டு முட்டைகளை உரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இலையில் வைத்த பிறகுதான் பார்த்தாள். வெள்ளை மட்டும் நான்கு குழிகளாக இலையில் இருந்தது. மஞ்சள் கரு இரண்டும் அவள் வாயில் இருந்தன. அவள் மென்று விழுங்கினாள். எழுந்து போய் வேறு இரண்டு முட்டைகளை உரித்து, பிளக்காமல் முழுசாக வைத்தாள்.

அப்போதும் அழுகை வரவில்லை.

சங்கம் இன்றும் இருக்கிறது. டத்தோ பழனியப்பன் தலைவராக நீடிக்கிறார். கூட்டத்தில் எல்லோருக்கும் முழு முட்டை தருகிறார்கள். மஞ்சள் நீக்கத் துணைக்குழு கலைக்கப்படவில்லை, மஞ்சள் காப்புத் துணைக்குழு ஆயிற்று. ராதாகிருஷ்ணன் மறு ஆண்டு பின்படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்தார். அவர் பெயர் தேக்குப் பலகையில் மூன்றாம் வரிசைக் கடைசி இடத்தில் இருக்கிறது. விஜயன் புதிய கோட்டுக்கு மேலும் புள்ளிகள் சேர்த்துவருகிறார். கடிதத்தின் இரண்டாம் பக்கம் இன்னும் படிக்கப்படவில்லை. ஷாஹுல் ஹமீதின் ரொட்டி மாஸ்டர் வெள்ளை ரொட்டி போடுவதை விட்டுவிட்டான், கேட்க ஆளில்லை. மலர் அம்மாவை ஜொகூருக்குக் கூப்பிட்டாள், அவள் போகவில்லை. நாகையாவின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

சீதாலெட்சுமி நன்றாக இருக்கிறாள். தினமும் காலையில் இரண்டு முட்டை அவித்து, மஞ்சள் கருவைச் சாப்பிடுகிறாள். வெள்ளை தட்டில் இருக்கிறது.